படம் முடிந்தால் சுவர்

சுவர் எழுப்ப வந்த கொத்தனாரை ஒரு ஜிக்சா படம் திருப்பி அனுப்பிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. அதனால்தான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் ரொட்டிக் கடைக்காரர்கள் வீட்டுக் கூடம் ஜன்னல் வழியாக அப்படியே தெரியும். அது வீட்டைக் கட்டியவன் செய்த தப்பு. துணியை நான் கொஞ்சம் அடிக்கடி காயப்போடுவதாகத் தெருவில் பேச்சு. மழைக்காலத்தில் துணி லேசில் காயுமா?

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவர். தெருமுனை ரொட்டிக் கடை அவர்களுடையது. அண்ணனுக்குத் தெரு வைத்த பெயர் அடுப்பு. தம்பிக்குக் கல்லா. அடுப்பு விடியுமுன் கடைக்குப் போய் மாவு பிசைந்து, ரொட்டியை உள்ளே தள்ளி வெளியே இழுத்து, புருவத்தில் மாவும் முழங்கையில் சூட்டுத் தழும்புமாக மத்தியானம் வீடு திரும்புவார். பேச்சு குறைவு. ‘ம்’ என்று ஒன்று சொன்னால் அன்றைக்கு நல்ல மனநிலை என்று அர்த்தம். கல்லா அதற்கு நேர்மாறு. ஒரு பன் வாங்கப் போனால் நம் வீட்டு மாமியாரின் முழங்கால் வலி வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் மீதிச் சில்லறை தருவார்.

அண்ணன் மனைவி, அதாவது பெரியவள், காலையில் கடையில் ரொட்டிகளைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்து வீட்டைப் பார்ப்பவள். தம்பி மனைவி, அதாவது சின்னவள், கூரியர் ஆபீசில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுகிறவள். ஓரகத்திகள் என்றால் கொஞ்சமாவது புகைய வேண்டாமா? இவர்களிடம் அதற்கும் வழியில்லை. ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்க்கிறாள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு தெரு எப்படிப் பொழுது போக்கும்?

குழந்தை ஒன்றே ஒன்று, தம்பி மகள். வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். ஒரு தடவை சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, ஓரிடத்தில் உட்கார வைக்கப் பெரியப்பா ஒரு ஜிக்சா பெட்டி வாங்கி வந்தார். பெரிய படம் ஒன்றை நெளிநெளியாக ஆயிரம் துண்டாக வெட்டிக் குழப்பிக் கொடுப்பார்களே, அது. வாலுவின் கால் கூடிவிட்டது. வீட்டில் மற்ற நால்வருக்கும் அந்த மேஜையைவிட்டு நகர முடியாமல் போய்விட்டது.

மேஜையும் சாதாரண மேஜை இல்லை. கடையில் மாவு பிசைந்த பழைய பலகை மேஜை. கூடத்துக்கு நிலைக்கதவு வைப்பதற்கு முன்பே உள்ளே வந்தது; பிரித்தால் ஒழிய வெளியே போகாது. அதன் மேல் ரொட்டித் தட்டுகளைப் பரப்பி, சின்னவள் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவாள். ஆபீசில் செய்யும் வேலையைத்தான் வீட்டிலும் செய்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இருந்ததில்லை. ஓரமும் படகு, வண்டிகளும் அண்ணனுக்கு. ஆகாயம் பெரியவளுக்கு. கட்டடம், பெயர்ப்பலகை தம்பிக்கு. தண்ணீர், புல் சின்னவளுக்கு. மனிதர்களும் பறவைகளும் வாலுவுக்கு. அடுத்தவர் இடத்துத் துண்டு கையில் அகப்பட்டால் தானே வைத்துவிடக் கூடாது. விரலால் அவர் பக்கம் தள்ள வேண்டும். தொடங்கிய படத்தை முடிக்காமல் கலைக்கவும் கூடாது. கோயில் கர்ப்பக்கிரகத்துக்குக்கூட இவ்வளவு சட்டம் இருக்காது.

இப்படி இருந்த வீட்டில்தான் நெருப்பு விழுந்தது. விழுந்த இடம் கடை. நானும் அப்போது அங்கே பன் வாங்கிக்கொண்டிருந்தேன். வாங்கி முடித்துவிட்டேன் என்றாலும், பன் எல்லாம் ஒரே அளவா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணே, வாரத்துல ஒரே ஒரு நாள் கடையைச் சாத்திருவோம்,” என்றார் தம்பி.

“அடுப்பு ஆறக் கூடாதுடா.”

“ஆறினா மறுநாள் பத்த வெச்சுக்கலாம். பிள்ளை வளர்ந்துட்டா மறுபடி சின்னப் பிள்ளையா ஆக்க முடியுமா? நான் வீட்டுக்குப் போறப்ப அது தூங்குது, முழிக்கிறப்ப ஸ்கூலுக்குப் போயிருது.”

“நம்ம அப்பா ஒரு நாள் சாத்தினாரா?”

“அதான் அவரு முகம் எப்படி இருந்துச்சுன்னு நமக்கு ஞாபகமே இல்ல.”

அண்ணன் நீளக் கரண்டியைச் சுவரில் சாத்தினார். “ஃபேனுக்கு அடியில உக்காந்து காசு வாங்கிப் போடுறவனுக்கு எதுக்குடா ஓய்வு?”

கடையில் நாலைந்து பேர் நின்றோம். தம்பி சிரித்த முகத்துக்காரர்தான். ஆனால் சிரித்த முகம் சுருங்கினால் கொஞ்சம் அதிகமாகவே சுருங்கும்.

“நீ கருக்கிப் போட்ட ரொட்டியை நான்தான் இளிச்சு இளிச்சு விக்கிறேன். உன் ரொட்டிக்காக ஒருத்தரும் இங்க வரலை. என் வாய்க்காக வர்றாங்க.”

அன்றைய ரொட்டி கொஞ்சம் கருகித்தான் இருந்தது. அதைத் தம்பி சொல்லியிருக்கக் கூடாது. அதுவும் எங்கள் முன்னால் சொல்லியிருக்கவே கூடாது. ஏனென்றால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்ததோ.

அதற்கப்புறம் வார்த்தை தடித்தது. ‘சேர்ந்து இருந்தது போதும்’ என்றார் ஒருவர். ‘நானும் அதையேதான் நினைச்சேன்’ என்றார் மற்றவர். முதலில் வீட்டை இரண்டாக்குவது, கடையை அப்புறம் பார்ப்பது என்று முடிவானது. கூடத்துக்கு நடுவே சுவர். வாசலில் செங்கல் இறங்கியது, மணல் இறங்கியது. பின்னாலேயே கொத்தனாரும் வந்தார்.

ஒல்லியான மனிதர், காதில் பென்சில். கூடத்தின் இந்தக் கோடியில் ஒரு ஆணியும் அந்தக் கோடியில் ஒரு ஆணியும் அடித்து, நீலப்பொடி தடவிய நூலைக் கட்டி, சுண்டிவிட்டார். தரையில் பளிச்சென்று ஒரு நீலக்கோடு விழுந்தது. மேஜைக்கு அடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது.

“மேஜையை எடுங்கண்ணே,” என்றார் கொத்தனார்.

யாரும் அசையவில்லை.

“அதுல படம் இருக்கு,” என்றாள் வாலு.

புதிதாகத் தொடங்கிய படம். ஒரு துறைமுகம். படகுகள், கிடங்குகள், தண்ணீர், மேலே மூடிய மேகத்தோடு பெரிய ஆகாயம். சண்டைக்கு முந்தின நாள்தான் பிரித்தார்கள். ஓரம் மட்டும் முடிந்திருந்தது.

“அதைக் கலைச்சுப் பெட்டியில போட்டுட்டு எடுங்க.”

“கலைக்கிறதா!”

அத்தனை நாளாக ஒருவரோடு ஒருவர் பேசாத அண்ணன் தம்பியும், கூடவே அவர்கள் மனைவிகளும், ஒரே குரலில் கத்தினார்கள். கொத்தனார் பயந்து இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

அண்ணன் கொத்தனாரைப் பார்த்துச் சொன்னார்: “தொடங்கின படத்தைக் கலைக்கிறதில்லப்பா. முடியட்டும். முடிஞ்ச அன்னைக்கே மேஜையைப் பிரிச்சுடலாம்.”

தம்பியும் கொத்தனாரைப் பார்த்தே சொன்னார்: “ஆமா. படம் முடிஞ்சா சுவர். யாரும் வார்த்தை மாற வேண்டாம்.”

“என்னங்க இது, சின்னப் பிள்ளைங்க விளையாட்டு மாதிரி...” என்று இழுத்த கொத்தனார், நால்வரின் முகத்தையும் பார்த்துவிட்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டார். இதைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

வழக்கமாக அந்த வீட்டில் ஒரு படம் விறுவிறுவென்று முடிந்துவிடும். சாப்பிட்ட கையைக் கழுவாமல்கூட ஒரு துண்டை வைத்துவிட்டுப் போவார்கள். இந்தத் துறைமுகமோ நகரவே இல்லை. அண்ணன் மத்தியானம் தனியாக வந்து உட்காருவார். ஒரு துண்டை எடுப்பார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தண்ணீர்த் துண்டைக் கொண்டுபோய்ப் படகின் மேல் பொருத்திப் பார்ப்பார். சேராது. திருப்தியாகத் தட்டில் திரும்பப் போடுவார். ராத்திரி தம்பி வருவார். கிடங்கின் ஒரே ஒரு ஜன்னலை வைத்துவிட்டு, நாளெல்லாம் மூட்டை சுமந்தவர் மாதிரி பெருமூச்சு விட்டு எழுந்துவிடுவார். ஆபீசில் ஆயிரம் பார்சலைப் பிரிக்கும் சின்னவள், தட்டில் நீலத்தையும் சாம்பலையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தாள். கேட்டால், “மேகமூட்டமா இருக்கு, வெளிச்சம் பத்தலை,” என்பாள்.

வெளியில் மட்டும் விறைப்பு குறையவில்லை. கடை நடந்தது, பேச்சுவார்த்தை முழுக்க வாலு வழியாக.

“வாலு, உங்க அப்பாகிட்ட சொல்லு. நாளைக்கு மைதா மூட்டை வருது. எண்ணி இறக்க ஆள் நிக்கணும்.”

அப்பா ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். “உன் பெரியப்பாகிட்ட சொல்லு. எனக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு.”

“கேக்குதுன்னா சந்தோஷம்னு சொல்லு.”

“ரெண்டு பேரும் என்னை என்ன ஸ்பீக்கர்னு நெனச்சீங்களா?” என்றாள் வாலு. “எனக்கு ஸ்கூல் இருக்கு. நீங்களே சண்டை போட்டுக்குங்க.”

அடுப்படியும் இரண்டானது. பெரியவள் உள்ளே சமைத்தாள். சின்னவள் பின்தாழ்வாரத்தில் ஒரு அடுப்பை வைத்துக்கொண்டாள். இவள் குழம்பு அங்கே போனது, அவள் பொரியல் இங்கே வந்தது. இதற்கு எதற்கு இரண்டு அடுப்பு என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்டேன். இருவருமே என்னை முறைத்தார்கள்.

துணி துவைக்கும் இடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது எங்கள் மாடிவரை கேட்டது.

“அக்கா, சுவர் வந்துட்டா குழாய் யார் பக்கம்?”

“உன் பக்கம்.”

“கூடத்து ஜன்னல்?”

“எங்க பக்கம்.”

“அப்ப உங்களுக்குத் தண்ணி கிடையாது, எங்களுக்குக் காத்து கிடையாது. ரொம்ப நல்ல பாகம்.”

பெரியவள் சிரிக்கவில்லை. பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். “தண்ணியும் காத்தும் கிடக்குடி. ஸ்கூல் விட்டு வந்ததும் பையைத் தூக்கி எறிஞ்சுட்டு ‘பெரியம்மா பசிக்குது’ன்னு கத்துதே, அது யார் பக்கம்?”

“சுவருக்கு அந்தப் பக்கத்துலருந்து கத்தும். அவ தொண்டைக்கு ஒரு சுவர் எல்லாம் பத்தாது.”

“கத்தும். சுவத்துல ஓட்டை போட்டு நான் தட்டை நீட்டுறதா?”

சின்னவள் துணியை வாளியில் போட்டாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் அன்றைக்கு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் மட்டும் லேசாகச் சொல்லி வைத்தேன்.

வாலு என்னவோ அந்த நீலக்கோட்டைப் பாண்டிக் கோடாக்கி நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை இந்தப் பக்கம் ஊன்றி, “இப்ப பெரியப்பா வீடு,” என்பாள். மறு காலை மாற்றி, “இப்ப எங்க வீடு,” என்பாள். ஒரு நாள் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனார். அன்றைக்குக் கடையில் அவருக்கு மத்தியான வேலையே கிடையாது.

மழை பிடித்துக்கொண்டது. வாசல் மணல் கரைந்து தெருவில் ஓடியது. எங்கும் கட்டட வேலை நின்றுபோக, கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்காரப் பிடிக்காமல், “படம் எதுவரைக்கும் வந்துருக்குன்னு பார்த்துட்டுப் போலாம்னு...” என்று வந்து நின்றார். மழையில் நனைந்த மனிதருக்குப் பெரியவள் துண்டும் டீயும் கொடுத்தாள். செய்த தப்பு அதுதான்.

டீயை ஊதிக்கொண்டே அவர் படத்தைப் பார்த்தார். ஒரு துண்டைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தத் துண்டை எடுத்து ஆகாயத்தில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

“ஏங்க! அது என் ஆகாயம்!” என்றாள் பெரியவள்.

“ஆகாயத்துல யாருக்குங்க பட்டா இருக்கு?” என்ற கொத்தனார் அடுத்த துண்டை எடுத்துவிட்டார். “உடைஞ்ச செங்கல்லுக்குத் தோதா இன்னொரு உடைஞ்ச செங்கல் தேடுறதுதானே என் பொழைப்பு. இது அதைவிட சுளுவா இருக்கே!”

மறுநாளும் மழை. மறுநாளும் வந்தார். பீடி குடிப்பதை நிறுத்தியவர்கள் மிட்டாயைத் தின்பதுபோல் துண்டு துண்டாக வைத்துத் தள்ளினார். மேகம் ஏறக்குறைய முடிந்தது. தண்ணீரும் ஏறக்குறைய முடிந்தது. அந்த வீட்டில் ஒவ்வொருவராகப் பதறத் தொடங்கினார்கள். பெரியவள் வேலையைத் தடுக்க டீயைக் கூட்டினாள். டீ குடித்தால் அவருக்குச் சுறுசுறுப்பு கூடியது. சின்னவள் தட்டுகளை இடம் மாற்றி வைத்தாள். அவர் பொறுமையாகத் தேடி எடுத்தார். தம்பி கடையிலிருந்து சீக்கிரம் வந்து, “வேற எங்கயும் வேலை இல்லையா உங்களுக்கு?” என்று கேட்டார்.

“இங்கதான் வேலை. இது முடிஞ்சாத்தானே அது தொடங்கும்?” என்று நியாயமாகப் பதில் சொன்னார் கொத்தனார்.

வாலு என்னிடம் வந்து முறையிட்டாள். “அந்த மாமாவை நிறுத்தச் சொல்லுங்க அத்தை.”

“நான் எதுக்கு? உங்க அப்பாகிட்ட சொல்லு.”

“அப்பா பெரியப்பா சொல்லட்டும்னு இருக்காரு. பெரியப்பா அப்பா சொல்லட்டும்னு இருக்காரு. பெரியம்மா அழுறாங்க, கேட்டா வெங்காயம்ங்கிறாங்க. இன்னைக்கு வெங்காயமே வாங்கலை.”

மழை விட்டு வெயில் அடித்த அன்று மத்தியானம் ஐவரும் வீட்டில் இருந்தார்கள். கொத்தனாரும் இருந்தார். நானும் இருந்தேன், எங்கள் வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. தட்டில் கிடந்த கடைசித் துண்டை வைத்துவிட்டுக் கொத்தனார் நிமிர்ந்தார்.

“முடிஞ்சது,” என்றவர் மறுபடி குனிந்தார். “முடியலையே.”

படத்தில் ஓட்டைகள். கிடங்கின் பெயர்ப்பலகையில் ஒன்று. பெரிய படகின் முனையில் ஒன்று. தண்ணீரில் ஒன்று. ஆகாயத்தில் ஒன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று. கரையில் ஒரு பறவைக்குத் தலையில்லை.

அண்ணன் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். தம்பியும் குனிந்தார். பெரியவள் பாயை உதறினாள். சின்னவள் காலித் தட்டுகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். நான் எத்தனையோ பேர் தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைத்துவிடுமோ என்று பயந்துகொண்டே தேடியவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“ஒண்ணு தொலையறது சகஜம்,” என்றார் அண்ணன், பொதுவாக. “இத்தனை எப்படி?”

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே புரியாத குரல். தன் கணக்கில் ஒன்றுதானே காணாமல் போயிருக்க வேண்டும் என்று குழம்பியவரின் குரல்.

“நான் சொல்லட்டுமா?” என்றாள் வாலு.

“சும்மா இரு!” என்று நாலு பேரும் பாய்ந்தார்கள்.

வாலு உள்ளே போய்ப் பென்சில் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து, பறவைத் தலையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். “இது என்னோடது.”

“எடுத்தியா? ஏன்டி?” என்றாள் சின்னவள்.

“நீங்க தண்ணியை எடுத்துத் தலையணைக்குள்ள போட்டீங்க. நான் பார்த்தேன். எல்லாரும் எடுத்தீங்க. அதான் நானும் எடுத்தேன்.”

முதலில் சின்னவள் எழுந்து போய்த் தலையணை உறையிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்தாள். பெரியவள் பருப்பு டப்பாவைத் திறந்து ஆகாயத்தை எடுத்து ஊதினாள். தம்பி சட்டைப் பையில் கை விட்டார். வெளியே வந்தது படகின் முனை. அது அவர் இடமில்லை; அண்ணன் இடம்.

தம்பி அதைச் சட்டையிலேயே துடைத்தார். அப்புறம் மேஜைமேல் வைத்து, ஒற்றை விரலால் அண்ணன் பக்கம் தள்ளினார்.

அண்ணன் இடுப்புப் பையிலிருந்து மாவு ஒட்டிய ஒரு தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பெயர்ப்பலகைத் துண்டு. அதைத் துடைத்துத் தம்பி பக்கம் தள்ளினார்.

“என்னோடதை ஏண்ணே எடுத்தே?” அத்தனை நாளுக்கு அப்புறம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

“உன்னோடது இல்லைன்னா நீ எங்கயும் போகமாட்டேல்ல. உக்காந்து தேடிட்டு இருப்பே.”

தம்பி மூக்கை உறிஞ்சினார். “அன்னைக்குக் கடையில சொன்னது... ரொட்டி கருகிப்போச்சுன்னு...”

“கருகித்தான் போச்சு. அதான் எனக்குக் கோபமே. இல்லாததைச் சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன்.” அண்ணன் தழும்பைத் தடவினார். “நான் அடுப்பைப் பார்த்தே நிக்கிறவன்டா. என் முதுகுக்குப் பின்னாடி நீ என்ன பாடு படுறேன்னு எனக்கு என்ன தெரியும்? ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்கும்.”

நல்ல நேரத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “ஆனா ஒண்ணு. கடையை மட்டும் சாத்த முடியாது.”

எல்லார் முகமும் விழுந்தது. கொத்தனார்கூட உச்சுக்கொட்டினார்.

பெரியவள் பருப்பு டப்பாவை டக்கென்று மூடினாள். நான் பார்த்தவரை அவள் கணவர் முன் குரலை உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. “அப்ப சுவரைக் கட்டுங்க கொத்தனாரே. நல்லாப் பெருசாக் கட்டுங்க. நான் அந்தப் பக்கம் போயிடுறேன். அங்கதான் வாரத்துல ஒரு நாள் லீவாம்.”

“பெரியம்மா எங்க பக்கம்!” என்று கத்தினாள் வாலு.

“வாங்கக்கா, குழாயும் இங்கதான் இருக்கு,” என்றாள் சின்னவள்.

அண்ணன் மனைவியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். நீலக்கோட்டுக்கு இந்தப் பக்கம் தான் ஒருவர் மட்டும் நிற்பதைப் பார்த்தார். அடுப்புக்குள் பேசுவதுபோல மெல்லக் கேட்டார்:

“எந்தக் கிழமை?”

அவரவர் துண்டை அவரவர் வைத்தார்கள். ஆகாயத்தில் ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதற்குள் கொத்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, டேப் உறைக்குள்ளிருந்து ஒரு மேகத்தை எடுத்து வைத்தார்.

“யோவ், நீ ஏன்யா எடுத்தே?” என்றார் தம்பி.

“படம் முடிஞ்சா சுவர். சுவரும் முடிஞ்சா நான் எங்க போய் உக்கார்றது?” என்றார் கொத்தனார். “டீ வேற நல்லா இருக்கு.”

அந்த வாரமே லீவு விட்டார்கள். நான் நம்பவில்லை. காலையில் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டிருந்தார்கள். முன்னால் அண்ணனும் தம்பியும் நின்றார்கள். பூட்டு சரியாகப் போட்டோமா என்று பார்க்க வந்தாராம் ஒருவர். அவர் பார்த்தாரா என்று பார்க்க வந்தாராம் மற்றவர்.

“ஒரு பன் குடுங்க,” என்றேன்.

“நேத்தைய பன் ரெண்டு இருக்குண்ணே, அக்காவுக்கு...” என்று உள்ளே குனிந்தார் தம்பி.

“கூடாது,” என்றார் அண்ணன். “லீவுன்னா லீவு.” ஷட்டரைக் கீழே வரை இழுத்துப் பூட்டினார். லீவு கேட்டு வீட்டையே இரண்டாக்கப் பார்த்தவர் அசடு வழிய நின்றார்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். பின்னால் நான். என் வழியும் அதுதானே. விடியுமுன் போய் வெயில் மண்டையைப் பிளக்கும்போது தலைகுனிந்து திரும்புகிற மனிதருக்குக் காலை நேரத்துத் தெரு புதிதாக இருந்திருக்க வேண்டும். “இந்தத் தையல் கடை எப்ப வந்துச்சு?” என்றார். “அது வந்து பல வருஷமாச்சுண்ணே.” “இது?” “அது போன மழைக்கு முந்தி.” ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். தம்பி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

டீக்கடை வாசலில் நின்றார்கள். டீக்கடைக்காரர் தம்பியிடம் முகம் மலர்ந்து பேசினார். அப்புறம் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். “சாரு யாரு? ஊருக்குப் புதுசா?”

“எங்க அண்ணன்,” என்றார் தம்பி. “நீங்க தெனமும் டீயோட குடுக்குறீங்களே ரொட்டி, அதைச் சுடுறவரு.”

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டார். “அந்த ரொட்டியா? இவரா?” என்றவர், பெஞ்சில் இருந்தவர்களிடம் திரும்பி, “ஏய், எந்திரிங்கப்பா, ரொட்டிக்காரர் வந்துருக்காரு, எடம் விடுங்க!” என்று அதட்டினார்.

அண்ணன் உட்காரவில்லை. காதுவரை சிவந்துபோய், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“சில நாள் கொஞ்சம் கருகிடும்,” என்றார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்று டீக்கடைக்காரருக்கு முந்திக்கொண்டு சொன்னார் தம்பி.